இருபது மங்கள வார்த்தைக்கு ஒரு வலி

முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய வலி, மறுநாள் மதியம் வரை என்னைத் தூங்க விடவில்லை. வலி விட்ட நேரத்தில் அம்மா விடவில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் பார்த்துவிட்டு, "கர்ப்பவாய் ரெண்டு சென்டிமீட்டர்தான் தெறந்திருக்கு ஜோஸ்பின். வீட்டுக்குப் போயி சாப்ட்டுத் தூங்கு. இப்பவே களைச்சுப் போனா முக்குறப்ப தெம்பு இருக்காது" என்று திருப்பி அனுப்பினார்.

நாகல் நகர் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னை உட்காரக்கூட விடவில்லை.

"படுத்தா வலி திரும்பிப் போயிரும்டி. நடந்தாத்தான் தலை எறங்கும்."

என் அம்மா ஆரோக்கியம்மாள் பத்தாம் வகுப்பு பெயில். ஆனால் நர்ஸுக்கும் மேலே, டாக்டருக்கும் மேலே. ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஹால். அய்யலூர் சந்தையில் ஆட்டைக்கூட இவ்வளவு நடத்திப் பார்க்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ், எரியோட்டில் பஸ் ஏறிவிட்டேன் என்று சொன்னதோடு சரி, அப்புறம் போனை எடுக்கவில்லை. ஜன்னலோர சீட் கிடைத்துத் தூங்கியிருப்பார். அந்த வயிற்றெரிச்சல் தனி.

உண்மையில் எனக்குப் பயம். கடைசி நேரத்தில் முக்கத் தெம்பில்லாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதைச் சொன்னால் அம்மா அழுவாள். அதனால் சண்டை போட்டேன்.

"நீயே பெத்துக்க. நான் தூங்குறேன்."

"வாயில நல்ல வார்த்தை வருதா பாரு. நட."

இதற்கிடையில் அன்பியம் வாட்ஸ்அப் குழுவில், 'மகளுக்கு வலி வந்துவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று அம்மா போட்டிருந்தாள். அன்பியம் என்றால் எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள். அவரவர் வீட்டிலிருந்தே ஜெபிக்கும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. மூன்று மணிக்கு ஆறு பெண்கள் ஜெபமாலையோடு வந்து இறங்கினார்கள். ஒருவர் சீரகத் தண்ணி குடிக்கச் சொன்னார். இன்னொருவர் மாடிப்படி ஏறச் சொன்னார். நான் ஏறி அங்கிருந்து குதித்துவிடலாமா என்று யோசித்தேன்.

தலைவி ஏஞ்சலின் அக்கா ஜெபமாலையைத் தொடங்கினார். ஒரு மாலைக்கு ஐம்பத்து மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கும் மங்கள வார்த்தை ஜெபம். அக்காவுக்கு ஏற்ற இறக்கமே இல்லாத குரல். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் பைபிள் வாசகம் வாசித்தால் பாதிக் கோயில் கொட்டாவி விடும். ஜெப நேரத்தில் நடக்கச் சொல்ல அம்மாவுக்கே தைரியம் இல்லை. இடுப்புக்குத் தலையணை வைத்துச் சுவரில் சாய்ந்தேன். பத்தாவது மங்கள வார்த்தையைத் தாண்டவில்லை, தூங்கிவிட்டேன்.

வலி வந்தது. விழித்து, முழங்காலைப் பிடித்து மூச்சு விட்டேன். வலி போனது, மறுபடி தூங்கினேன். இருபது மங்கள வார்த்தைக்கு ஒரு வலி என்று கணக்கு ஒழுங்காக வந்தது. திடீரென்று அறை அமைதியானது. உடனே விழிப்பு வந்துவிட்டது.

"ஏங்க்கா நிப்பாட்டுனீங்க?"

"முடிஞ்சுருச்சும்மா."

"இன்னொரு மாலை சொல்லுங்களேன்."

"இம்புட்டு வலியிலயும் என்னா பக்தி பாருங்க!" என்று பெண்கள் உருகினார்கள்.

அம்மா உருகவில்லை. என் வாயோரம் வழிந்திருந்த எச்சிலைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டேன், எழுப்பி நடத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"சொல்லு ஏஞ்சலு. நிப்பாட்டாத. பிள்ள செத்த நேரம் தூங்கட்டும்."

மூன்று மாலை முடிந்தது. ஏஞ்சலின் அக்காவின் தொண்டை கட்டிவிட்டது. ஆறு மணிக்கு வலி நாலு நிமிஷத்துக்கு ஒன்றாக நெருங்கியது. ரஃபீக் அண்ணனின் ஆட்டோவில் ஏறினோம். தூங்கியபடியே எரியோடு வரை போய்த் திரும்பி, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் எழுப்பிவிட்டதாக வீட்டுக்காரர் போன் செய்தார். நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் என் தோளில் கனமாக ஏதோ சாய்ந்தது. அம்மா. வாய் திறந்து, குறட்டை. அப்போதுதான் உறைத்தது. முந்தின ராத்திரி வலி வந்த ஒவ்வொரு தடவையும் என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு ஒருத்தி விழித்திருந்தாள்.

அடுத்த வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏற்ற இறக்கமே இல்லாமல், மெதுவாக மங்கள வார்த்தை சொல்ல ஆரம்பித்தேன்.

ரஃபீக் அண்ணன் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெரசாப் போகவாம்மா?"

"மெதுவாவே போங்கண்ணே," என்றேன். "எங்கம்மா தூங்குது."