வெறுமையாய்த் திரும்பாத லொறி

கொழும்பிலிருந்து புது டயர் ஏற்றி வரும் லொறி, கனமூலையில் மர்ளியாவின் கடையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பிப் போகும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். யாவாரக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு பக்கம் காலியாக ஓடுகிற வண்டி அவள் கண்ணுக்குக் கொட்டுப்பட்ட சோறு.

ஒருநாள் டயர் கம்பனி மனேஜருக்கே போன் எடுத்தாள். “புதுசக் கொண்டு வாற லொறி பழசக் கொண்டு போனா என்ன, சேர்? அரைச்சு றப்பர் பாய் செய்யிற ஆலையும் உங்ககிட்டத்தானே இரிக்கி?”

மனேஜர் கொஞ்சம் யோசித்தார். “வாற வியாழன் ஒரு லொறி நிறைய ஏத்திக் காட்டுங்க. காட்டினா இந்தக் கரைக்குச் சேகரிக்கிற இடம் உங்க கடைதான். இல்லாட்டி சிலாபத்துக் கடைக்குக் குடுப்பம்.”

சிலாபமா! அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் லொறியை நிரப்பியிருப்பாள்.

டயருக்கா பஞ்சம்? பக்கத்து மாம்புரியில் படகுகளில் தொங்குகிறது, தோட்டத்தில் வெங்காயத்தை மூடும் படங்குகளுக்குப் பாரமாய்க் கிடக்கிறது, மிச்சமெல்லாம் களப்பின் நீர்க்கரையில் மழைத்தண்ணி பிடித்து நுளம்பு வளர்க்கிறது. ‘பழைய டயர் விலைக்கு எடுக்கப்படும்’ என்று கடை வாசலில் பலகை வைத்தாள்.

அங்கேதான் பிழை நடந்தது. குப்பைக்கு ஒருத்தர் விலை சொன்னால் அந்த ஊரில் அதைக் குப்பை என்று யார் நம்புவார்? பொழுது சாயுமுன்னே களப்போரத்து டயரெல்லாம் வீட்டு வளவுகளுக்குள் ஏறிவிட்டன. முன்பு பஸ் விட்டிருந்த ஜப்பார், தன் வளவில் மலையாய்க் கிடந்ததற்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். கோழி முட்டையிடும் டயரும் அதில் அடக்கம்.

மர்ளியா, ஊரே காக்கா என்று அண்ணன் முறை சொல்லும் அவரைத் தேடிப் போனாள். “காக்கா, போன மாசம் சும்மா எடுத்துட்டுப் போன்னு சொன்ன டயர் இது.”

“போன மாசம் கொழும்பு கேக்கல்லயே, புள்ள.”

“இப்பவும் கேக்கிறது நான்தான்.”

“நீ கேட்டா உள்ளுக்கு ஒன்டு இரிக்கும். உன்ட வாப்பா ஓட்டச் சட்டியையும் லாபத்துக்கு வித்த மனிசன்.”

அவர் சொன்ன விலைக்குப் புது டயரே வாங்கலாம். பேரம் படியாவிட்டால் எழுந்து நடப்பது வழக்கம். நடக்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, வாசல் படலை தாண்டுமுன் மற்றவர் கூப்பிட வேண்டும். மர்ளியா செருப்பை மெல்ல மெல்ல மாட்டினாள். படலையும் வந்துவிட்டது. காக்கா கூப்பிடவில்லை. அவளும் கழுத்தைத் திருப்பவில்லை.

கடைக்கு வந்ததும் பலகையை அழித்து வேறு எழுதினாள்: ‘வியாழன் பழைய டயர் ஏற்றப்படும். விலை இல்லை. லொறியில் இடமிருந்தால் மட்டும்.’

வியாழன் காலை லொறியை ஓட்டி வந்த யோசேப்பு, வெறும் முற்றத்தைப் பார்த்து இடுப்பைத் தடவினார். “என்ன தங்கச்சி, இந்த முறையும் வெறும் லொறி குலுங்கி என்ட நாரி முறியவோ?”

“கயித்த எடுத்து வைங்க, அண்ணன்.”

முதலில் ஒரு மாம்புரிக்காரர் வந்தார். “இடம் இரிக்கா?” மர்ளியா லொறிக்குள் எட்டிப் பார்த்தாள். “பாப்பம்.” அந்தப் ‘பாப்பம்’ கல்பிட்டி ரோட்டில் மோட்டார் சைக்கிளை முந்திக்கொண்டு ஓடியது. வெறுமையாய் ஓடியபோது யாருக்கும் வேண்டாத இடத்துக்கு இப்போது வரிசை! மத்தியானத்துக்குள் முக்கால் லொறி நிறைந்தது. அதற்குமேல் ஒருவரும் வரவில்லை.

அப்போதுதான் ஜப்பாரின் டிராக்டர் டயர் மலையோடு வந்து நின்றது.

“கொழும்பு கேட்ட டயரா, காக்கா?”

“வாயக் குறை, புள்ள. விலை வேணாம். ஆனா என்ட டயர் மேலதான் இரிக்கணும். ரோட்டால போகக்குள்ள சனம் பாக்கணும்.”

“மேல கயிறு கட்டணும். நடுவில சொருகுறன்.”

ஜப்பார் டிராக்டரை நோக்கித் திரும்பி நடந்தார். அவரும் செருப்பை இழுத்து இழுத்துத்தான் நடந்தார், கழுத்து அசையவில்லை. மர்ளியா லொறியின் பின்பக்க வெறுமையைப் பார்த்தாள். சிலாபத்தை நினைத்தாள். டிராக்டரில் அவர் கை படுமுன்,

“காக்கா! வாங்க, மேலயே போடுறன்.”

ஜப்பாரின் பல்லெல்லாம் தெரிந்தது. “கூப்பிடத் தெரிஞ்சவள்தான் யாவாரி. அன்டைக்கு எனக்குத் தெரியாமப் போச்சு.”

கோழி முட்டையிட்ட டயர் உச்சியில் ஏறியது. பாரத்தில் லொறி தாழ்ந்து, மாப்பிள்ளை ஊர்வலம் போல நிதானமாக ரோட்டில் ஏறியது. யோசேப்பு ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினார், வண்டி குலுங்கவேயில்லை. ஜப்பார் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் உச்சியைக் காட்டிக்கொண்டு நின்றார். மர்ளியா நெஞ்சை நிமிர்த்தி ஒரு படம் பிடித்து மனேஜருக்கு அனுப்பினாள்.

உடனே போன் வந்தது. “இடம் உங்களுக்குத்தான், மர்ளியா. அடுத்த லொறியும் இப்படி நிறையுமா?”

“பாப்பம், சேர்,” என்றாள் மர்ளியா. “உங்க லொறியில இடம் இருந்தா.”