முதற்பிரதி வாங்கியவர்

அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பிப் பலகையால் இழுத்துக்கொண்டிருந்தாள் றாஹிலா. வெயில் மண்டையைப் பிளந்தது. இடக்கையில் இரண்டு விரல் இல்லை. பலகைக் கம்பை நெஞ்சோடு அணைத்தால்தான் அவளுக்கு இழுக்க வரும். மேற்பார்வை பார்க்கும் நேசராசா ஆலை வாசலில் நின்று கையைத் தட்டினான்.

"பின்னேரம் எல்லாரும் கல்முனை மண்டபத்துக்கு வரணுமாம். ஹிமாயாட புத்தக வெளியீடு. நம்மட முதலாளி ஹாஜியார்தான் முதற்பிரதி வாங்கப்போறார். பஸ் வருது, கூலியும் வெட்டமாட்டாராம்!"

பெண்கள் கலகலத்தார்கள். இருக்காதா பின்னே? இதே களத்தில் நெல் கிளறிய பெட்டைதான் ஹிமாயா. தவிட்டு மூட்டையில் சாய்ந்துகொண்டு, கிழிந்த சீமெந்துப் பையின் உள்தாளில் கதை எழுதியவள். இன்றைக்குக் கொழும்பில் விருது, டீவியில் பேட்டி, ஊரெல்லாம் அவள் பேச்சு. றாஹிலா மட்டும் குனிந்து பலகையை இழுத்தாள்.

புதுப் புத்தகத்தில் றாஹிலாவின் விரல் போன கதையும் இருக்கிறது. ஹிமாயாவே போனில் சந்தோஷமாகச் சொன்னாள். மெஷின் பெல்ட் விரலை இழுத்த அன்று பக்கத்தில் நின்று கத்தியவளும் அவள்தான். "வீட்டுல மீன் வெட்டக்குள்ள கத்தி பட்ட" என்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னவர் சப்ரி ஹாஜியார். றாஹிலா அப்படியே சொன்னாள். அதனால்தான் இன்றுவரை வேலை இருக்கிறது. புருஷன் பாயோடு பாயாகக் கிடக்கிறான். இந்த வேலையும் போனால் வீட்டில் உலை ஏறாது.

பின்னேரம் மண்டபத்தின் பக்க அறையில் றாஹிலா ஹிமாயாவைப் பிடித்துவிட்டாள்.

"புள்ள, ஹாஜியார் அந்தப் புத்தகத்த வாசிச்சாரா?"

"ஆரு ராத்தா வாசிச்சிப்போட்டு முதற்பிரதி வாங்குற? மண்டபச் செலவு அவருட, அதால ஏற்பாட்டுக்காரங்க கூப்பிட்டிரிக்காங்க. எனக்கே இங்க வந்துதான் தெரியும்."

"என்ட கதைய ஆரும் எடுத்துக் கதைச்சா என்ட வேல போயிரும் மகள்."

"பேரெல்லாம் மாத்தித்தானே எழுதினன். பயப்புடாதீங்க."

பேரை மாற்றினால் ஆச்சா? இந்தக் கரையில் மெஷினுக்கு விரல் கொடுத்த பொம்புளை அவள் ஒருத்திதானே!

ஹாஜியார் சிரித்த முகத்தோடு முதற்பிரதியை வாங்கினார். கமராக்கள் மின்னின. பிறகு நயவுரை சொல்ல வந்தார் பர்ஹான் ஆசிரியர். நல்ல குரல் அவருக்கு. நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டி, பெல்ட் சுற்றியதையும் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையும் உருகி உருகி வாசித்தார்.

யா அல்லாஹ், வேண்டாம், வேண்டாம் என்று றாஹிலா வாய்க்குள் முணுமுணுத்தாள். முன்வரிசையில் இருந்த ஆலைப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு அடுத்தவள். பஸ் ஏற்றிக் கூட்டி வந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. மேடையிலிருந்த ஹாஜியார் அந்தத் தலைகளைப் பார்த்தார். அவை பார்க்கும் இடத்தையும் பார்த்தார்.

ஏற்புரைக்கு எழுந்த ஹிமாயாவும் அதைக் கண்டுவிட்டாள். ஹாஜியாருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தாள். அவர் எழுந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, "இது நம்மட மில்லுல வளர்ந்த புள்ள!" என்றார். கைதட்டல் ஓயவே இல்லை.

மறுநாள் காலை ஆலை வாசலில் நேசராசா ஏணியோடு நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, இனி வரவேணாமாம். கை ஏலாத ஆக்கள வேலைக்கு வெச்சா பிறகு கரைச்சலாம்."

"நான் என்ன தம்பி செஞ்ச? ஒரு சொல்லும் சொல்லலியே! ஹாஜியார்ட்ட ஒருக்கா நானே கதைக்கன்."

"அவர் உங்களக் காணமாட்டாராம். என்னையும் வில்லங்கத்துல மாட்டாதீங்க அக்கா."

ஹாஜியாரும் ஹிமாயாவும் சிரித்துக்கொண்டு நிற்கும் பெரிய பெனர் வாசலில் பாதி ஏறியிருந்தது. 'எமது ஆலை தந்த எழுத்தாளருக்கு வாழ்த்துகள்' என்று கொட்டை எழுத்து. கடற்காற்று அதன் ஒரு மூலையைப் பிய்த்து அடித்தது.

"போறதுக்கு முன்ன அந்தக் கயித்த ஒருக்காப் புடிங்க அக்கா. நான் ஏறிக் கட்டுறன்."

அவன் கட்டி முடிக்கும்வரை, ஹிமாயாவின் முகம் மடங்கிவிடாமல், றாஹிலா கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.