சுமை வண்டிக்கு நடுத்தடம்

பொன்னேரியிலிருந்து காட்டூர் வழியே ஏரிக்கரைக் குப்பங்களுக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்தியவர்கள், அதில் மூன்று தடங்களை வரைந்தார்கள். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. நடுவில் இருந்தது இரு திசையினருக்கும் பொது. முன்னால் செல்லும் வண்டியை முந்த விரும்புவோர், எத்திசையினராயினும், அதில் ஏறலாம். ஏறுமுன் எதிரே அத்தடம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால் வேகத்தைக் குறைத்துத் தம் தடத்துக்கே திரும்ப வேண்டும். நடுத்தடத்தில் எவருக்கும் முன்னுரிமை இல்லை. விதி இவ்வளவுதான். இதை எழுதிய பலகை ஒன்றையேனும் நட்டிருக்கலாம்; நடவில்லை. எவருக்கும் உரிமையில்லாத ஓர் இடத்தைச் சாலையின் நடுவில் உண்டாக்கிவிட்டு, வரைந்தவர்கள் வண்ண வாளிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் மாதத்திலேயே இரண்டு குட்டியானைகள் நடுத்தடத்தில் நேருக்கு நேர் மோதின. குட்டியானை என்று மக்கள் அழைப்பது மீன் ஏற்றும் அந்தச் சிறு சுமை வண்டியை. ஒன்று நண்டுடன் பொன்னேரிச் சந்தைக்குப் போனது. மற்றொன்று நண்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பியது. இரண்டும் ஒரே குப்பத்தின் வண்டிகள். ஓட்டியவர்களுள் ஒருவர் அங்கேயே இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் ஊர்க் கூட்டம் கூடியது. சாலை விதி யாது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தங்களிடம் ஏற்கெனவே இருந்த விதியை எடுத்து வந்தார்கள். ஏரி கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கும். நடுவில் ஒரு வாய்க்கால் மட்டுமே ஆழமானது. மீனுடன் திரும்பும் படகு தாழ்ந்து மிதக்குமாதலால், அந்த ஆழம் அதற்கே உரியது. காலிப் படகு ஓரத்து மணலை உரசிக்கொண்டு ஒதுங்கும். இதில் தகராறு நேர்ந்ததாக எவருக்கும் நினைவில்லை.

“லோடு வண்டிக்கு நடு. காலி வண்டிக்கு ஓரம்,” என்று ஊர்த்தலைவர் முத்து அறிவித்தார். “மீறினவனுக்கு ஒரு மாசம் ஏரியும் இல்ல, கடலும் இல்ல.”

ஓட்டுநர் பதினொருவரும் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தனர். அவர்களுள் தேவேந்திரனும் ஒருவன். பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்திலிருந்து அவன் மனைவி மாலா எழுந்தாள். நண்டு வாங்கி விற்பவள் அவள்.

“ரெண்டு வண்டியும் லோடா இருந்தா?”

“இன்னாம்மே, பொன்னேரில நண்டு புடிச்சி இங்க கொண்ணாந்து விக்கப் போறியா?” என்றான் ஒருவன்.

கூட்டம் சிரித்தது. சிரிப்பு எந்தக் கேள்விக்கும் விடையாகாது. ஆயினும் அன்று அதையே விடையாக ஏற்றுக்கொண்டு எல்லாரும் கலைந்தார்கள். உண்மையும் அவர்கள் பக்கமே இருந்தது: முகத்துவாரத்தைப் போலவே அந்தச் சாலையிலும் அன்று சுமை ஒரே திசையில்தான் சென்றது.

ஒன்பது மாதங்கள் விதி பிழையின்றி நடந்தது. கேடு அதிலிருந்தே தொடங்கியது. சுமையுடன் நடுத்தடத்தில் ஏறியவன் எதிரே பார்ப்பதை விட்டான். தேவேந்திரன் ஒரு கையால் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே போவான். எதிரே வருவது காலி வண்டி, அது ஒதுங்கும். வெளியூர் லாரிகளும் அந்த மீன் வண்டிகளின் ஹாரனுக்கு ஒதுங்கப் பழகிவிட்டன.

பிறகு, கரையிலிருந்த ஐஸ் பேக்டரியில் எந்திரம் பழுதுபட்டது. சீராக்க இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை ஐஸ் பொன்னேரிப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அதே குப்பத்துப் பிரகாஷ், விடியற்காலையில் தன் குட்டியானையை அதற்கு அனுப்ப ஒப்புக்கொண்டான். தானே ஓட்டவும் செய்தான்.

செய்தி கேட்ட அன்றே மாலா ஊர்த்தலைவரிடம் போனாள். அவர் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஐஸு லோடா, இல்லையா தலைவரே?”

“லோடுதான்.”

“அப்போ பிரகாசுக்கு நடு.”

“நடுதான்.”

“எங்க வூட்டுக்காரருக்கு?”

“அவனுக்கும் நடு...” முத்துவின் விரல்கள் நின்றன. வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு, “கூட்டத்துல பேசினத கூட்டத்துலதாம்மா மாத்தணும். அம்மாவாச கழிஞ்சி கூட்டம் கூட்டறேன்,” என்றார்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது.

அவள் பிரகாஷிடம் போனாள். அவன் சிரித்தான். “ஐஸு கரையும் அண்ணி. நண்டு உசுரோட கெடக்கும். அண்ணன ஓரமா போவச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்.

“நண்டு செத்தா எவன் வாங்குவான்?” என்றான் தேவேந்திரன். “தண்ணிய கட்டியாக்கி ஏத்தினு வர்றான், அவனுக்கு நான் ஒதுங்கணுமா? சத்தியம் பண்ணிட்டு லோடோட ஓரத்துல போனா, நாளைக்கு ஊரே என்ன காலி வண்டின்னு கூப்புடும்.”

“கூப்புட்டா கூப்புடட்டும்யா. நீ உசுரோட இருப்பே.”

“தூங்கும்மே.”

மறுநாள் பசியாவரம் குப்பத்துப் படகுகளிலிருந்து வாங்கிய நண்டுக் கூடைகளை ஏற்றி முடித்ததும், மாலா வண்டியின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஏரிப் பனி சாலைமீது தாழ்வாகப் படர்ந்திருந்தது. காட்டூரை நெருங்கும் நேர்ச்சாலையில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்தது. தேவேந்திரன் ஹாரனை ஒருமுறை அழுத்தி நடுத்தடத்தில் ஏறினான்.

எதிரே, வரும் தடத்தில், பேருந்து ஒன்றின் விளக்குகள் தெரிந்தன. அவற்றை ஒட்டி, நடுத்தடத்தில், தாழ்வான இரண்டு விளக்குகள்.

“வண்டி வருதுய்யா.”

“ஒதுங்கும்.”

“பிரகாசு வண்டிய்யா!”

“அவன் வர ஏழு மணி ஆவும். இது காலி.”

மாலா அந்த விளக்குகளையே பார்த்தாள். அவற்றின் ஒளி சாலையில் விழவில்லை. மேல்நோக்கிப் பனியில் எரிந்தது. பின்புறம் சுமையால் அமுங்கி, மூக்கு நிமிர்ந்த வண்டிக்குத்தான் விளக்கு அப்படி எரியும். இடப்பக்கத்தில் டிராக்டரின் பெரிய சக்கரம் நெருங்கிவிட்டது. தேவேந்திரன் வேகத்தைக் குறைக்கவில்லை. எதிரே வந்தவனும் குறைக்கவில்லை. அவரவர் சத்தியத்தின்படி இருவரும் சரியாகவே வந்துகொண்டிருந்தார்கள்.

படகின் முன்முனையான அணியத்தில் நிற்பவன்தான் முன்னால் உள்ள மணல் திட்டைக் காண்பான். அவன் குரல் கொடுத்தால், பின்னால் சுக்கான் பிடித்தவன் காரணம் கேட்காமல், இடமோ வலமோ, சொன்ன பக்கம் தள்ள வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் படகு தரை தட்டும். பெண்கள் அணியத்தில் நிற்பதில்லை. அந்தக் குரலைக் கரையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். மாலா அந்தக் குரலில் கத்தினாள்:

“எடம் தள்ளு!”

தேவேந்திரனின் அறிவு அதைக் கேட்டதோ இல்லையோ, பதினைந்து ஆண்டு ஏரியில் பழகிய கைகள் கேட்டன. கால் பிரேக்கை மிதித்தது. வண்டி திமிறிக்கொண்டு டிராக்டரின் பின்னால் இடது தடத்தில் விழுந்தது. அதே நொடியில் ஐஸ் வண்டி அவர்களை உரசிச் சென்றது. பக்கக் கண்ணாடி தெறித்தது. மாலா பிரகாஷின் முகத்தைக் கண்டாள். அவன் சாலையைப் பார்க்கவில்லை. ஒரு பாக்குப் பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்; கண்ணாடி தெறித்த ஓசைக்குத்தான் நிமிர்ந்து இவர்களைப் பார்த்தான்.

தேவேந்திரன் வண்டியை ஓரத்தில் நிறுத்தினான். பின்னால் கூடைகள் கவிழ்ந்து, நண்டுகள் தகரத்தைப் பிறாண்டும் ஓசை கேட்டது. அவன் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று மாலா நம்பினாள். அந்த நம்பிக்கை ஒரு நிமிடம் நிலைத்தது.

செல்பேசி ஒலித்தது. பிரகாஷ்.

“இன்னாண்ணே, காலியாவா போறே? நடுவுலேர்ந்து பொத்துனு எறங்கிட்டியே! அண்ணி பக்கத்துல குந்தினு வந்தா பயம் வந்துருமா? கரைல சொன்னா நம்ப மாட்டானுங்க, இரு, சொல்றேன்.”

சிரிப்பொலி வண்டிக்குள் எங்கும் கேட்டது. தேவேந்திரன் இணைப்பைத் துண்டித்தான். செல்பேசியை இருக்கையில் எறிந்தான்.

“அவன் பாக்கவே இல்லய்யா,” என்றாள் மாலா. “நான் கண்ணால கண்டேன். நாளைக்கும் அவன் பாக்க மாட்டான். அம்மாவாச வரைக்கும் ஓரத்துல போ. உன் கால்ல விழறேன்.”

அவன் இறங்கி, கவிழ்ந்த கூடைகளை நிமிர்த்தினான். உடைந்த கண்ணாடியின் சட்டத்தைப் பிடுங்கிப் புதரில் எறிந்தான். திரும்பி வந்து அமர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நாளைக்கு நீ வண்டில ஏறாத.”

“யோவ்...”

“ஏறாதன்னு சொன்னேன்.”

வண்டி கிளம்பியது. டிராக்டர் எப்போதோ வயல்வழியில் திரும்பிவிட்டது. முந்துவதற்கு முன்னால் ஒரு வண்டியும் இல்லை. தேவேந்திரன் வண்டியை நடுத்தடத்தில் ஏற்றினான். பொன்னேரி வரை இறக்கவில்லை.