கொழுப்பு ஏறும் நேரம்

எங்கள் வீட்டில் கொழுப்பு என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நான். பதில் பேசினால் கொழுப்பு, கதவை ஓங்கிச் சாத்தினால் கொழுப்பு, பெண் பார்க்க வந்தவரிடம் "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டேனே, அது உச்சக்கட்டக் கொழுப்பு. என் தங்கை அப்படியில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள்.

எனக்கு வாய்த்த வேலையும் கொழுப்பு சேர்க்கிற வேலைதான். கடலில் வாழும் ஒருவகை நுண்ணுயிரை எஃகுத் தொட்டிகளில் வளர்த்து எண்ணெய் எடுக்கிறோம். மூளைக்கும் கண்ணுக்கும் நல்லது என்று மீன் எண்ணெயைக் குடிக்கச் சொல்கிறார்களே, அதில் இருக்கிற ஒமேகா-3தான் இது. மீனுக்கே அது இந்த மாதிரிப் பொடிசுகளிடமிருந்துதான் வருகிறது. நாங்கள் மீனை விட்டுவிட்டு நேராகப் பொடிசுகளிடமே போய்விட்டோம். எடுக்கிற எண்ணெய் பெரும்பாலும் குழந்தைகளின் பால்மாவுக்குப் போகிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் இரண்டு நாள் சர்க்கரையும் அம்மோனியாவும் கொடுத்தால் இவை மளமளவென்று பெருகும், ஆனால் எண்ணெய் சேர்க்காது. மூன்றாம் நாள் அம்மோனியாவை நிறுத்திவிட வேண்டும். பெருக வழியில்லாமல் போனதும், கிடைக்கிற சர்க்கரையை எல்லாம் கொழுப்பாக்கி உடம்புக்குள் பதுக்கிக்கொள்ளும். இதற்கு எங்கள் ஆலையில் 'பட்டினி போடுவது' என்று பெயர். பதினொரு வருடமாக அம்மோனியா வால்வை மூடுவது நான்தான். ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று காலை வால்வில் கை வைத்த நேரம் தங்கை ஃபோன் செய்தாள். அவள் குழந்தை ஏழாம் மாதமே பிறந்திருந்தது. இருபத்தெட்டு நாளாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, வயிறு உப்பியிருக்காம். இன்னைக்குப் பாலே குடுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். வெறும் டிரிப்ஸ்தான். பச்சப்புள்ளைய எப்படிக்கா பட்டினி போடுவாங்க?"

"ஏய், அழாதடி. டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போவுது?" என்று அதட்டிவிட்டு ஃபோனை வைத்தேன்.

சோதனை அறையிலிருந்து கண்ணாடி எட்டிப் பார்த்தான். தொட்டியிலிருந்து எடுத்த மாதிரிகளை நுண்நோக்கியில் பார்ப்பவன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். "அக்கா, மூணாம் தொட்டிய பட்டினி போட்டாச்சா?"

"போட்டாச்சு போ!" என்று கத்தினேன்.

போடவில்லை. 'பட்டினி' என்று தங்கை வாயால் கேட்டதும் கை வால்விலிருந்து தானாக விலகிவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். தொட்டிக்குள் இருப்பது பிள்ளையா குட்டியா? ஆனாலும் அன்று என் கையால் இன்னொரு உயிரைப் பட்டினி போட மனம் வரவில்லை.

மதியம் புது மாதிரியோடு வந்தான் கண்ணாடி. "என்னக்கா இது, எப்பவும் இந்நேரம் உள்ள பொட்டுப் பொட்டா எண்ணெய் தெரியும். இன்னைக்கு ஒண்ணையும் காணோம்."

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்ற?" என்று எரிந்து விழுந்தேன். அப்படியே வால்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் குனிந்து வால்வை மூடினான். பதிவேட்டில் மூடிய நேரத்தை உள்ளபடியே எழுதினான். காரணம் என்ற இடத்தில் 'தாமதம்' என்று மட்டும் போட்டான். "நாலஞ்சு மணி நேரம் கூடத் தின்னுட்டுப் போவுது, விடுங்கக்கா. அறுவடைய அரை நாள் தள்ளி வச்சுக்கலாம். நீங்க முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

போனேன். பெட்டிக்குள் என் உள்ளங்கை அளவுக்கு முதுகு, தீக்குச்சி மாதிரி விரல்கள். தங்கை என் தோளில் சாய்ந்துகொண்டாள். "பொழச்சுக்குவாளாக்கா?" என்று கேட்டாள். கலைந்திருந்த அவள் தலைமுடியை அள்ளி முடிந்துவிட்டேன்.

மறுநாள் உப்பல் வடிந்து மறுபடி சொட்டுப் பால் ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த நாளும் குழாய் வழியாகத்தான். வாயில் வைத்தால் சப்பத் தெரியவில்லை என்றாள் தங்கை. நான் வேலைக்கு வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அறுவடை நாள் காலை கண்ணாடி என்னைப் பிடித்திழுத்து நுண்நோக்கி முன்னால் உட்காரவைத்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணெய் முட்டிக்கொண்டு நின்றது. "பாத்தீங்களா, என்னா கொழுப்பு!" என்று சிரித்தான். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

தங்கை அழுதுகொண்டிருந்தாள். "என்னடி ஆச்சு? சொல்லித் தொலையேன்!"

"அக்கா... அவ மூக்குல இருந்த குழாய அவளே புடுங்கி எறிஞ்சுட்டா. நர்ஸ் திரும்ப வைக்கப் போனா, கைய உதறி ஒரே கத்து. சரி, வாயில குடுத்துப் பாப்போம்னு குடுத்தாங்க. குடிச்சுட்டாக்கா. பத்து மில்லி, ஒரு சொட்டு விடாம. நர்ஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்னா கொழுப்பு உங்க பொண்ணுக்குன்னாங்க."

அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள். "அப்படியே உன்னை மாதிரிக்கா."

நாற்பது வருடமாக அந்தச் சொல்லைத் திட்டாகவே கேட்டுப் பழகியவள் நான். கண்ணாடி நிற்கிறானே என்ற வெட்கமில்லாமல் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"இருக்கட்டும்டி," என்றேன். "நல்லா ஏறட்டும்."