இரண்டு பக்கத்து ரத்தம்

கால்காரர் என்று கேட்டால்தான் அவர் வீட்டுக்கு வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆடு பார்க்கப் போனால் முகத்தைப் பார்க்க மாட்டார், ரோமத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார், நேராகக் குனிந்து காலைத்தான் பார்ப்பார். மகன் ஒரு பெண்ணைக் கூட்டி வந்து இவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நின்ற அன்றைக்கும், மனுஷன் முதலில் அவள் நடையைத்தான் கவனித்தார் என்று ஒரு கேலி உண்டு. அவரும் அதை மறுத்ததில்லை.

நெட்டைக் கால் செம்மறிதான் அவருடைய பெருமை. தலைமுறை தலைமுறையாக உயரமான கிடாவையும் உயரமான ஆட்டையும் பொறுக்கிச் சேர்த்து, வேறு யார் பட்டியிலும் இல்லாத உயரத்தைக் கொண்டுவந்திருந்தார். தங்கள் ஆடுகளோடு இனம் சேர்க்க, அவர் பட்டியில் பிறந்த பொலிகிடாவுக்கு ஆள்மேல் ஆள் காத்திருப்பார்கள்.

அந்தப் பட்டியில், அவருடைய மிகச் சிறந்த ஆட்டுக்கு, அன்று காலை ஒரு குட்டி பிறந்தது. தலை அழகாக வந்தது, உடம்பும் வந்தது. பின்னங்கால் இரண்டும் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக முறுக்கிக்கொண்டு வந்தன. குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது, சரிந்தது, மறுபடி பார்த்தது. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. தன் குட்டிக்கு என்ன குறை என்று அதற்கு என்ன தெரியும்?

தீவன மூட்டை இறக்க வந்தவர் தடுப்புக் கட்டையில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். அவரும் ஆடு வளர்ப்பவர்தான், வாய் கொஞ்சம் நீளம்.

"அடடா, போச்சே. ஆடு சரியில்லைங்க. அதைக் கழிச்சுக் கட்டிடுங்க. கிடாவைத் தொட்டுடாதீங்க, ராஜா மாதிரி நிக்குது."

கால்காரரின் ஆத்திரம் அத்தனையும் இவர்மேல் கொட்டியது.

"ராஜாவாம் ராஜா! இத்தனை வருஷம் ஆடு வளர்த்து என்னத்தய்யா கத்துக்கிட்டே? இந்தக் கோளாறு ஒரு பக்கம் மட்டும் இருந்தா வெளியே தெரியவே தெரியாது. சொல்லப்போனா ஆடு இன்னும் நெட்டையா, இன்னும் அழகா நிக்கும். நாமளும் ஏமாந்து அதையே பொறுக்கி எடுப்போம். கிடாகிட்டயும் இருக்கணும், ஆட்டுகிட்டயும் இருக்கணும், ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் குட்டிக்கு இப்படி ஆகும். பெத்த ஆட்டை மட்டும் குத்தம் சொல்றது அயோக்கியத்தனம்."

தீவனக்காரர் ஏதோ முணுமுணுத்துவிட்டு மூட்டையை இறக்கப் போனார். கால்காரர் வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் பெரிய மனுஷர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

மகன் வழியில் அவருக்கு ஒரு பேத்தி இருந்தாள். கழுத்து நிற்காத குழந்தை. மற்ற குழந்தைகள் குப்புற விழுந்து தவழ்கிற வயதிலும் இவள் துணிப்பொதி போலக் கையில் தொங்குவாள். ஆனால் கண் மட்டும் துறுதுறுவென்றிருக்கும். தாத்தாவின் மீசை அசைவதைப் பார்த்தால் சிரிப்பாள். அதற்காகவே அவர் ஒன்றுமில்லாததை மென்றுகொண்டிருப்பார். ஒரு மழைக்காலத்தில் சளி கட்டி, அதைத் துப்பத் தெம்பில்லாமல், ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

டாக்டர் குழந்தையின் அப்பா அம்மா இருவருடைய ரத்தத்தையும் சோதித்துவிட்டுத் தெளிவாகத்தான் சொன்னார்: இந்தக் கோளாறு இருவரிடமும் இருக்கிறது, இருவர் வழியாகவும் வந்தது, யார் தப்பும் இல்லை. ஆனால் மகனுக்கு ரத்தம், வம்சம் என்றால் டாக்டரைவிட அப்பாதான் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரி நடைவழியில், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே கேட்டான்.

"ரெண்டு பேர்கிட்டயும் இருக்குங்கறாரே, அப்பா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தன் ரத்தத்தில் அப்படி ஒன்று ஓடுகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. "அவர் அப்படித்தான் சமாதானம் சொல்வார். நம்ம பக்கம் யாருக்கும் இப்படி இருந்ததில்ல. பொண்ணு வந்த இடத்து ரத்தம்" என்றார். மருமகள் சட்டென்று திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. பேச்சு நின்றது, பிறகு சாப்பாடு தனித்தனியானது, பிறகு கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனான். மருமகள் நகரத்தில் கம்பளி ரோமம் தரம் பிரிக்கும் கூடத்தில் சேர்ந்தாள் என்று கேள்வி.

அன்று பிறந்த குட்டி மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது. அதைப் புதைத்துக் கையைக் கழுவிய கையோடு மகனுக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்காமல், நான் பொய் சொன்னேன், நம் பக்கமும் உண்டு, எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லிவிட்டார். மகன், "அவ வந்தா எனக்குச் சரிதான். நீங்களே போய்க் கேளுங்க" என்றான். மன்னிப்பைக்கூட அப்பாதான் வாங்கித் தர வேண்டும் என்கிற ரகம். இருந்தாலும் கால்காரருக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்று நம்பினார்.

மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். ரோமக் கூடத்தில் நீளநீளமான கம்பிவலை மேஜைகள். அவற்றின்மேல் ரோமத்தை விரித்து உதறினால் மண்ணும் தூசும் கீழே கொட்டும். மருமகள் கடைசி மேஜையில் இருந்தாள். ஒரு கற்றையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள், காதருகே வைத்துச் சுண்டி இழுத்தாள், அறுகிறதா என்று கேட்டுவிட்டுக் கூடையில் போட்டாள். இளைத்திருந்தாள்.

"என்ன மாமா, இவ்ளோ தூரம்?" என்றாள். கோபம் இல்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "உங்கிட்ட மட்டும் இல்லம்மா. எங்க பக்கமும் இருக்கு. அது தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன். எல்லாத்தையும் கெடுத்தது நான்தான். அவன்கிட்டயும் சொல்லிட்டேன். வந்துடும்மா. அவனும் உன்னை வரச் சொல்றான்."

அவள் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டாள். ரோம எண்ணெய் பட்டுப்பட்டு விரல்கள் பளபளத்தன.

"நீங்க இப்ப சொல்றது எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. கல்யாணமான புதுசுல ஒருத்தர் கோணக்கால் குட்டியைத் தூக்கிட்டு வந்து உங்க கிடாதான் காரணம்னு சண்டை போட்டாரே. மண்ணுல குச்சியால நாலு கட்டம் போட்டு, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் இப்படி ஆகும்னு அவருக்கு விளக்கினீங்க. நான் பக்கத்துல நின்னு பட்டியில இருந்த ஒரு குட்டிக்குப் புட்டியில பால் குடுத்துக்கிட்டிருந்தேன். அப்பவே எனக்கு மனப்பாடம்."

கால்காரர் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில அவர் கேட்டப்ப நான் பயப்படவே இல்ல. மாமாவுக்குத் தெரியும், மாமா சொல்லிடுவார்னு நின்னேன். ஆட்டுக்குப் பேசற மனுஷன் எனக்குப் பேசமாட்டாரான்னு நெனச்சேன்."

அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

"நான் வரல மாமா. டாக்டர் சொன்னதை அவர் நம்பல, என்னையும் நம்பல. நீங்க சொன்னீங்க, விட்டுட்டார். இன்னிக்கும் நீங்க சொன்னீங்க, கூப்பிடறார். நாளைக்கு நீங்க வேற மாதிரி சொன்னா?"

அடுத்த மேஜைப் பெண் ஒரு மூட்டையை அவிழ்த்து உதறினாள். தூசு எழுந்து அடங்கியதும் மருமகளே கேட்டாள்.

"அது சரி, இப்ப ஏன் திடீர்னு வந்தீங்க? பட்டியில ஏதாவது பொறந்துதா?"

முறுக்கின காலோடு பிறந்த குட்டியைப் பற்றிச் சொன்னார். எந்த ஆட்டுக்கு என்று கேட்டாள். சொன்னார். அவளே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு அது. கொஞ்ச நேரம் கம்பிவலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அதை என்ன பண்ணப் போறீங்க?"

"பட்டியில வச்சிருக்க முடியாதும்மா. கிடாவையும்தான். நாளைக்குக் கறிக்கு ஏத்தி விடணும்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். ஒரே லாரில."

அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டுக்கும் ஒரே நியாயம். எங்களுக்கு அதுகூட இல்லையே மாமா" என்றாள்.

அப்புறம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகுது, பார்த்துப் போங்க மாமா என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கடைசிவரை அவள் மாமா என்றே கூப்பிட்டாள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.