அவன் அடித்த காற்று

காலையில் கூடத்துக்கு வந்தால் மகனின் சைக்கிளைக் காணோம். சுவரில் ஹேண்டில் உரசிய கோடு மட்டும் இருந்தது. அவன் போனதிலிருந்து, எழுந்ததும் அதன் பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. காய்ச்சலில் படுப்பதற்கு முந்தின நாள் அவனே மூச்சு வாங்க வாங்க பம்பால் அடித்த காற்று. இறங்கிக்கொண்டுதான் வந்தது, ஆனாலும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

யார் எடுத்தது என்று யோசிக்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் கல்லூரியில் ஆசியத் தத்துவங்களுக்கு அறிமுகப் பாடம் நடத்துகிறவர். உபநிடதம், கன்பூசியஸ், தாவோ என்று போய், பௌத்தத்துக்கு வந்ததும் வருடா வருடம் ஒரு சைக்கிளை வகுப்புக்குக் கொண்டுபோவார். சக்கரம், செயின், சீட்டு எல்லாம் கழற்றி மேசைமேல் பரப்பி, "இதுல சைக்கிள் எது?" என்பார். பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கும். 'நான்' என்பதும் அப்படி உதிரிகளின் கூட்டுக்கு வைத்த பெயர்தானாம். அவருடைய சைக்கிள் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதற்காக இதையா எடுப்பார் மனுஷன்?

போன வாரம்கூட பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் செத்தால் பிள்ளை மூன்று வருடம் துக்கம் காக்க வேண்டும் என்றாராம் கன்பூசியஸ்.

"பிள்ளை போனா பெத்தவங்க எத்தனை வருஷம்னு சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைக்க எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"கழட்டிட்டேன். அந்தக் கேள்வியைக் கேக்க வாய் வரல. பசங்களை அனுப்பிட்டு, ஒத்தையா உக்காந்து திரும்ப மாட்டினேன். ஒரு திருகாணிகூட விடல, பாரு."

குனிந்து பின்சக்கரத்தை அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது.

"காத்து?"

"டியூபைக் கழட்டினப்ப இருந்ததும் இறங்கிடுச்சு. நானே நல்லா அடிச்சுட்டேன்."

"அது அவன் அடிச்ச காத்துங்க."

கத்தத்தான் நினைத்தேன். பாவி மனுஷன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்.

அவர் அப்படியே சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வால்வின் மூடியைத் திருகிக் கழற்றினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றினார்.