நான்காவது காம்பு

கிழிந்த குடையின் கறுப்புத் துணியைச் செவலைப் பசுவின் மடிக்கடியில் விரித்துப் பிடித்திருந்தாள் அழகி. மாட்டின் பின்னங்கால்களைக் கயிற்றால் அணைத்துக் கட்டிவிட்டு, தம்பி ரத்தினவேல் முதல் காம்பைப் பீய்ச்சினான். பால் திரிதிரியாக விழுந்தது கறுப்பில் பளிச்சென்று தெரிந்தது.

"மடிநோவு வந்திருக்குக்கா. இதக் குடுக்கக் கூடாது."

உள்ளேயிருந்து ஆத்தா கத்தினாள். "சாகப்போற மனுசனுக்கு நோவு வந்தா என்னடா, வராட்டி என்ன? நம்ம செவலப் பாலு வேணும்னு உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. அடுத்த வீட்டுப் பால ஊத்துனாத் துப்புறாரு. ரெண்டு சொட்டுக் கொண்டாங்கடா!"

அழகிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புகுந்த ஊரான வல்லத்திராக்கோட்டையில் அறுவடையை அப்படியே போட்டுவிட்டு அவள் வந்து நான்கு நாளாகிறது. தந்தி கிடைத்து மெட்ராஸிலிருந்து காலையில் வந்திறங்கிய இவன், அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே தொழுவத்துக்குப் போய்விட்டான். நின்றுதான் என்ன? அவர் இவனோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

அறுபதாம் வருஷம் இவனுக்குக் கால்நடைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கறவை மாட்டுப் பராமரிப்பு என்று தனியாக ஒரு பாடமாம். "மாடு மேய்க்கக் கூடாதுன்னுதானடா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன். மாட்டப் படிக்கவா காலேஜு?" என்று கேட்டதோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். இவன் எழுதிய கடுதாசிகளைப் பிரிக்காமலே எரவாணத்தில் செருகி வைத்தார்.

இரண்டாவது காம்பும் திரிதான். மூன்றாவதும் அப்படியே. அப்பா படுத்ததிலிருந்து செவலை வேறு யாரையும் மடியில் கைவைக்க விடவில்லை. பால் கட்டிப்போயிருந்தது.

"போதும்டா ஒன் படிப்பு," என்றாள் அழகி. "அங்கிட்டு உசுரு போவுது."

"நாலும் தனித்தனிக்கா. ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கெடணும்னு இல்ல."

நான்காவது காம்பில் பால் சுத்தமாக இறங்கியது.

"டேய், அதுல அப்பா கைவைக்க மாட்டாரேடா. அது கன்னுக்கு விட்டதுல்ல?"

"தெரியும்க்கா."

அரை டம்ளர் கறந்தான். அதையும் காய்ச்சித்தான் கொடுப்பேன் என்றான், படுபாவி. ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் கரண்டிப் பாலை அப்பா துப்பவில்லை. விழுங்கினார். கண்ணைத் திறந்து, கரண்டி பிடித்தவனைப் பார்த்தார்.

"எந்தக் காம்பு?"

"பின்னாடி, வலப்பக்கம்ப்பா."

"கன்னுக்கு வச்சியாடா?"

"வச்சிருக்கேம்ப்பா."

அடுத்த கரண்டிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. அழகிக்குப் பொறாமையாக இருந்தது. நான்கு நாளாகப் பக்கத்திலேயே இருந்தவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் உயிர் அடங்கியது. ஆத்தா ஓங்கி அழுதாள். தெரு கூடியது. பங்காளி ஒருவர் வாசலில் நின்று, "மகன் எங்கம்மா? ஆக வேண்டியதப் பாக்கணும்ல," என்றார்.

அழகி கொல்லைப்பக்கம் போனாள். ரத்தினவேல் கன்றை அவிழ்த்து விட்டிருந்தான். செவலைக்கடியில் குந்தி, நோவு வந்த மூன்று காம்புகளையும் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தான். கன்று முட்டி முட்டிக் குடித்தது.

அவள் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, "வருவான் சித்தப்பா, செத்த இருங்க," என்றாள்.